வி.டி.யிலிருந்து பவுண்டன் வரை

பேச்சி மதினி பச்சைப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிகூட ஆகவில்லை.

அந்தச் சேலை அவள் மகள் கவிதாவுக்குக் காது குத்தியபோது எடுத்தது. கல்யாண வீடு என்றால்தான் பெட்டியை விட்டு வெளியே வரும். தலையில் முடி கொட்டிவிட்டதால் முந்தானையை இழுத்து முக்காடு போட்டிருந்தாள். பாச்சை உருண்டை வாசனை என் அடுக்களை வரைக்கும் வந்தது.

காதில் தோடு இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, காகிதத்தில் மடித்து வைத்திருந்த தோட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"கவிதாட்ட நீயே குடுத்துரு. நான் குடுத்தா அழுவா."

"எதுக்கு மதினி இப்போ?"

"கேட்வேக்குத்தான போறோம்" என்றாள். பிறகு, பால் வாங்கிவிட்டாயா என்று கேட்கிற குரலில், "நாளைக்கு ஊசிக்கு நான் வரல. அதையும் இப்பமே சொல்லிருதேன்" என்றாள்.

ஒரு விளக்கம்

போன வாரம் இந்தப் பத்திரிகையில், எங்கள் ஆபீஸில் தட்டச்சு இயந்திரங்களை எடைக்குப் போட்ட கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இரண்டு பேர், நான் தினமும் ஆபீஸுக்கு நடந்துபோன அந்த வழியைப் பற்றி எழுதச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறார்கள். பழைய பம்பாயின் அழகான கட்டடங்கள் எல்லாம் அந்த வழியில்தானே இருக்கின்றன என்று கேட்டிருக்கிறார்கள்.

இருக்கின்றன. வி.டி. ஸ்டேஷனில் இறங்கி, ரோட்டுக்கு அடியில் போகிற சுரங்கப் பாதையில் நுழைந்து அந்தப் பக்கம் ஏறினால், பவுண்டன் என்கிற நீரூற்று வரை வேகமாக நடக்கிறவர்களுக்குப் பத்து நிமிடம். பவுண்டனுக்கு எதிர்ச் சந்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் நான் முப்பது வருஷத்துக்கு மேல் டைப்பிஸ்டாக இருந்தேன். பவுண்டனைத் தாண்டி இன்னும் கால் மணி நேரம் நடந்தால் கடல், கடலோரத்துப் பெரிய கல் வளைவான கேட்வே. அவ்வளவுதான் அந்த நடை.

ஆனால் அந்த வழியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குக் கட்டடம் வரமாட்டேன் என்கிறது. பச்சைச் சேலைதான் வருகிறது. எனவே அதையே எழுதிவிடுகிறேன். கவிதா கோபித்துக்கொள்ள மாட்டாள். அவள் தமிழை எழுத்துக் கூட்டி ஒரு பாரா வாசிப்பதற்குள் அடுத்த வாரப் பத்திரிகையே வந்துவிடும்.

எங்கள் சந்தின் வழக்கம்

பரேலில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். எதற்காக வருகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சந்தில் அந்த நோயின் பெயரைச் சொல்ல மாட்டோம். ஆஸ்பத்திரியின் பெயரையும் சொல்ல மாட்டோம். 'பரேலுக்கு வந்திருக்காங்க' என்றால் போதும்.

வருகிறவர்கள் தங்குவது எங்களிடம்தான். லேபர் கேம்ப் என்கிற எங்கள் குடிசைப் பகுதியில் பத்துக்குப் பத்து வீடு. அதில் நாங்கள் நாலு பேர், வந்தவர்கள் மூன்று பேர். மாமா, சித்தி, சித்தியின் கொழுந்தனார், அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்று சொந்தம் நீண்டுகொண்டே போகும். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் எக்ஸ்ரே உறையோடு பாயில் உட்கார்ந்திருப்பார்.

சிலருக்குக் குணமாகும். அவர்கள் அவசரமாக ஊருக்குப் போய்விடுவார்கள். இன்னும் சிலருக்கு, ஒரு நாள் டாக்டர் கூட வந்தவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, இனி ஊருக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லுவார். ரயிலில் இடம் கிடைக்க இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த இரண்டு நாளை என்ன செய்வது?

யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. 'பம்பாய் வரைக்கும் வந்துட்டு கேட்வே பாக்காம போகவா' என்று யாரோ ஒருவர் கேட்டிருப்பார். அப்படியே வழக்கமாகிவிட்டது. டாக்டர் கைவிரித்துவிட்டால் கேட்வே. வி.டி.யில் இறங்கி, கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே பையப் பைய நடந்து, கேட்வே முன்னால் நின்று ஒரு போட்டோ. அங்கே கழுத்தில் கேமராவோடு திரிகிற போட்டோக்காரர்கள் கையோடு எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஊரில் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் அந்தப் போட்டோக்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு வேறு படம் எடுத்திருக்க மாட்டார்களே. பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாலை போட்டிருப்பார்கள். பின்னால் கல் வளைவில் ஒரு பாதி தெரியும். தோளுக்கு மேலே ஒரு புறா இருக்கும்.

கூட்டிப்போகிற வேலை என் தலையில் விழுந்தது. வி.டி. பக்கத்து ஃபோர்ட்டில் வேலை பார்க்கிறவள், வழி தெரிந்தவள். ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கூட்டிப்போவேன். எத்தனை பேர் என்று எண்ணவில்லை. பெண் நோயாளி என்றால் பேச்சி மதினியும் கூட வருவாள். மதினி என்றால் என் வீட்டுக்காரருக்கு அக்கா. நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள்.

எனக்கு வாய் அதிகம். என் மாமியார் கல்யாணமான ஒரு மாதத்தில் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். ஆனால் அந்த நடையில் மட்டும் நான் வேறு ஆள். குரலே மாறிவிடும். "பாருங்க மாமா, அந்தா மேல ஒரு பொம்பள சிலை நிக்கி பாருங்க. இந்தக் கடிகாரம் கட்டுன நாள்லருந்து ஒரு நாள்கூட நின்னதில்ல" என்பேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. சொல்ல நன்றாக இருந்தது. பவுண்டன் மூலையில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுப்பேன். சர்க்கரை உள்ளவர்கள் கேட்டாலும் வாங்கிக் கொடுப்பேன். "ஒண்ணுமில்ல, ஊர்த் தண்ணிய குடிச்சா சரியாயிரும்" என்று சொல்லிக்கொண்டே வருவேன்.

ஒரு நடை முடித்து வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் எனக்குப் பேச்சே வராது. தட்டச்சில் தப்புத் தப்பாக அடிப்பேன். அலுப்பு என்று சொல்வதா, என்னவென்று சொல்வது. பொய் சொல்லியே ஒரு ஆள் களைத்துப்போக முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கவிதா சொன்னது

போன வருஷம் மதினிக்கே வந்துவிட்டது. மார்பில் கட்டி. ஆறு ஊசி என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வார இடைவெளி. நாலு ஊசி முடிந்தபோது டாக்டர் என்னையும் கவிதாவையும் உள்ளே கூப்பிட்டார். கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது, மருந்து நன்றாகக் கேட்கிறது, மீதி இரண்டையும் தேதி தவறாமல் போட்டுவிடுங்கள், பிறகு ஆபரேஷன் என்றார். அவ்வளவுதான் சொன்னார். மதினி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்து அதையே சொன்னோம். மதினி தலையாட்டினாள். 'உள்ள கூப்பிட்டு' என்பதை மட்டும் அவள் மனதில் முடிந்து வைத்துக்கொண்டது எங்களுக்குத் தெரியாது.

ஐந்தாவது ஊசி ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை மதினி வீட்டில் உட்கார்ந்து நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கவிதா செம்பூரில் ஒரு லோன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். முப்பது வயது. நல்ல பெண். ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மம்மி, சண்டே எனக்கு சுட்டி, லீவு. நாம கேட்வே போலாம். நீ வீட்டுக்குள்ளயே கெடந்து போர் ஆயிட்ட. மஸ்த்தா போட்டோ எடுக்கலாம்."

என் கை நின்றுவிட்டது. மதினியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவிதாவுக்கு இந்த வழக்கம் தெரியாது. அவள் வளர்ந்து ஆளாகும்போது ஊரிலிருந்து வருகிறவர்கள் லாட்ஜில் தங்க ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்கு கேட்வே என்றால் கடல் காற்று, போன், போட்டோ. வேறொன்றும் இல்லை.

அந்த நிமிடமே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'மதினி, அவ தெரியாம சொல்லுதா' என்று ஒரு வார்த்தை. எனக்கு அலுப்பாக இருந்தது. காலையிலிருந்து முழங்கால் வலி. எடுத்துச் சொல்ல ஆரம்பித்தால் கவிதா அழுவாள், மதினி அழுவாள், நான் இருவருக்கும் டீ போட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கீரையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். நாளைக்கும் சொல்லவில்லை. என் பேரில் இருக்கிற குற்றம் இது. மறைக்க ஒன்றுமில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கவிதாவை ஆபீஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "அத்தை, நீங்க மம்மிய கூட்டிட்டுப் போங்க ப்ளீஸ், அவங்க ரெடி ஆயிட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். ஆக, அச்சு அசலாக எப்போதும் நடக்கிறபடியே ஆகிவிட்டது. நோயாளியும் நானும்.

சயான் ஸ்டேஷனில்

தோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கிளம்புமுன் வாசலில் நின்றே சொன்னேன். "மதினி, இது அந்த கேட்வே இல்ல. கவிதா ஒண்ணும் தெரியாம சொன்னா. மருந்து கேக்குது. கட்டி பாதியாயிட்டு. டாக்டர் சொன்னாரு."

"சரி" என்றாள்.

"நெசமா மதினி. சரியாயிரும்."

"வள்ளியூர் சித்திக்கும் இதத்தான சொன்ன" என்றாள். "நானும் கூட நின்னு ஆமாம்னு சொன்னேன்."

அந்தச் சித்தியையும் நாங்கள் இருவரும்தான் கேட்வேக்குக் கூட்டிப்போயிருந்தோம். வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். போகாவிட்டால் மட்டும் என்ன, நீ ஒளிக்கிறாய் என்றுதானே ஆகும் என்றாள். நாலு ஊசியையும் வாந்தியோடும் வாய்ப்புண்ணோடும் தாங்கியவள், ஐந்தாவது எதற்கு என்கிறாள். திங்கட்கிழமை அவளைத் தூக்கிக்கொண்டா போக முடியும். வழியில் எப்படியாவது பேசி மனதை மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன். கதவைச் சாத்தும்போது, குடிசைகளை இடித்துப் புது வீடு கட்டித் தருவதற்காகச் சர்வேக்காரர்கள் கதவில் எழுதிவிட்டுப் போன நம்பரை மதினி விரலால் தடவிப் பார்த்தாள். புது வீடு வரும்போது நான் எங்கே என்று நினைத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக வண்டிகளைக் குறைத்துவிடுவார்கள். அரை மணிக்கு ஒரு வண்டி, அதிலும் மூச்சு முட்டுகிற கூட்டம். சயான் பாலத்துப் படியில் ஏறும்போது என் முழங்கால் உயிரை எடுத்தது. மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் மதினி முகத்திலிருந்த மாஸ்க்கைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஊசி போடுகிற காலத்தில் சளி பிடித்தால்கூட ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

"அத எதுக்குக் கழட்டுதீங்க?"

"இனி எதுக்கு அது."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "போடுங்க அத. இருமிக்கிட்டு நிக்கான் பாருங்க பக்கத்துல. சளி பிடிச்சு படுத்தீங்கன்னா ராத்திரியும் பகலும் முழிச்சுக் கெடக்குறது நான். எனக்கு இருக்குற முட்டி வலியில" என்று கத்திவிட்டேன். படியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மதினி மாஸ்க்கை மாட்டிக்கொண்டாள்.

கல் சிங்கமும் இறக்கை வைத்த காளையும்

வி.டி. வாசலில் ஒரு பக்கம் கல் சிங்கம், ஒரு பக்கம் கல் புலி. அதற்கு எதிரே போலீஸ்காரர் ஒருவர் குறுக்கே கயிற்றைக் கட்டிவிட்டு, போட்டோ எடுக்கிறவர்களை நகர்த்திக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் பெயரை எல்லாம் மாற்றி வெகுநாள் ஆகிறது. எங்கள் ஆட்களுக்கு இன்னமும் அது வி.டி.தான்.

மதினி நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தாள். "இப்ப நீ சொல்லணும்லா. கடிகாரம் ஒரு நாளும் நின்னதில்லன்னு."

"நின்னிருக்கும். எனக்கென்ன தெரியும்? பைய எறங்குங்க, படி வழுக்குது."

சுரங்கப் பாதையில் போன் உறை விற்கிறவன், பெல்ட் விற்கிறவன், சாக்கைத் தரையில் விரித்துச் சட்டை விற்கிறவன். ஒரு சட்டையை எடுத்து மதினி விலை கேட்டாள். யாருக்கு என்றேன். சும்மா என்றாள். சும்மா கேட்பதற்கு இதுதான் இடமா, காற்றே இல்லாத பொந்தில் நிற்காமல் நடங்கள் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன்.

அந்தப் பக்கம் ஏறினால் கட்டடங்களுக்கு அடியிலேயே நடைபாதை. மேலே வளைவு வளைவாகக் கல். வெயில் படாது. அதுதான் அந்த வழியில் எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். வேறு அழகையெல்லாம் ஒன்பதரைக்கு ஆபீஸில் கையெழுத்துப் போட ஓடுகிறவள் எங்கே பார்த்தாள்.

பாதி வழியில் பார்சிக்காரர்களின் கோவில் ஒன்று. வாசலில் இரண்டு பெரிய காளை. மனித முகம், நீளத் தாடி, முதுகில் இறக்கை. வெளி ஆட்கள் உள்ளே போகக் கூடாது. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தக் காளையைப் பார்த்ததும் கை தானாகக் குவிந்துவிடும். ஒரு மாமா அதன் காலடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். என்ன சாமி என்று கேட்டார். நம்ம சாமிதான் என்றேன். அவருக்கு அன்றைக்கு அது தேவையாக இருந்தது.

மதினியும் நின்றாள். செருப்பைக் கழற்றப் போனாள்.

"செருப்பக் கழட்டாதீங்க. கால்ல கண்ணாடி கிண்ணாடி குத்துனா புண்ணு ஆறாது. ஊசி முடியுற வரைக்கும் சொன்னத கேக்கணும்."

"சாமி கும்பிடக் கூடாதா?"

"செருப்போட கும்பிட்டா கோவிச்சுக்கிடுற சாமின்னா அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. நடங்க."

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. உடம்புக்கு முடியாதவளிடம் இப்படியா பேசுவது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குப் பொறுமை போய்விட்டது. வழி நெடுக நான் நல்ல விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்: டாக்டர் சொன்னது, கட்டியின் அளவு, ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது. ஒவ்வொன்றுக்கும் 'சரி, சரி' என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி தலையாட்டினாள். இத்தனை வருஷமும் எனக்கு அந்த நடையில் எல்லாரும் அப்படித்தான் தலையாட்டியிருக்கிறார்கள். அவர்களும் நம்பவில்லையோ என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

அதோடு என் வீட்டுக்காரர் ஞாபகமும் வந்துவிட்டது.

அவர் நடந்த நடை

அதுவும் அதே வழிதான். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அவர் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். தொண்டையில் வந்தது. டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

அவர் நாற்பது வருஷம் பம்பாயில் இருந்தவர். வழக்கம் தெரிந்தவர். கேட்வே என்று சொன்னால் அந்த இடத்திலேயே புரிந்துகொள்வார். நான் கெட்டிக்காரி இல்லையா. "ஆபீஸ்ல ஒரு கையெழுத்து போடணும், துணைக்கு வாங்க. அப்படியே கடல் வரைக்கும் நடந்துட்டு வரலாம்" என்று சொல்லிக் கூட்டிப் போனேன். ஆபீஸ் வாசல் வரை போய், ஐயா வரவில்லையாம் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

வழியெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி கேள்வி கேட்டார். குரல் எழும்பாது, காதருகே வந்து கேட்பார். அந்தச் சிலை யாரு, இந்தக் கடிகாரம் சரியா ஓடுதா என்று. நான் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கேட்வேயில் போட்டோ எடுத்தோம். சிரித்தார். ஒன்றும் தெரியாமல் போய்ச் சேர்ந்தார் மனுஷன், அந்த மட்டுக்கும் என் பொய் ஒன்று உருப்படியாக ஆனது என்று இத்தனை வருஷமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படம்தான் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பாதி வளைவு. ஒரு புறா.

கரும்புச்சாறு

பவுண்டன் வந்தது. உச்சியில் வெள்ளைக் கல்லில் ஒரு பெண் சிலை, கீழே தண்ணீர். மெட்ரோவுக்காக வருஷக் கணக்கில் தோண்டிப் போட்டிருந்த இடத்தையெல்லாம் மூடி மெழுகி இப்போது பளிச்சென்று வைத்திருக்கிறார்கள். நான் வேலைக்குப் போன காலத்தில் இத்தனை சுத்தமாக அதைப் பார்த்ததே இல்லை.

நடைபாதை ஓரத்தில் ஒரு கடைப் படியில் உட்கார்ந்தேன். என்னால் அதற்கு மேல் ஒரு எட்டு வைக்க முடியவில்லை. மதினி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூலையில் கரும்பு மிஷினின் சலங்கைச் சத்தம்.

"எனக்கு ஒரு கிளாஸ் வாங்கித் தா" என்றாள்.

அவ்வளவுதான், என் வாய் அவிழ்ந்துவிட்டது.

"அறிவிருக்கா உங்களுக்கு? அந்த ஐஸ் எங்கேருந்து வருதுன்னு தெரியுமா? ஈ மொய்க்கிற கரும்பு. இத குடிச்சு வயித்தால போச்சுன்னா நாளைக்கு ஊசிய தள்ளி வைப்பான். தேதி தவறக் கூடாதுன்னு டாக்டர் தலபாடா அடிச்சுக்கிட்டாரு. நாலு ஊசிக்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது, உங்க மகளுக்கும் தெரியாது. ஒரு பொழுது ஒழுங்கா சாப்பிட்டிருக்கேனா நான்? ஜூஸ் வேணுமாம் ஜூஸ். கெடக்கு, வீட்டுல போயி சுடுதண்ணி குடிங்க."

மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முழங்கால் வலியா வேறெதுவுமா தெரியவில்லை. மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது.

"ஏட்டி சந்திரா" என்றாள். "வள்ளியூர் சித்திக்கு சக்கர நானூறு இருந்துச்சு. ரெண்டு கிளாஸ் வாங்கிக் குடுத்த."

"ஆமா. குடுத்தேன்."

"எல்லாருக்கும் குடுத்த."

நான் முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

"அப்போ எனக்கு நெசமாவே சரியாயிரும்ங்கிய?"

"அதத்தான மதினி காலையிலருந்து தொண்டத் தண்ணி வத்த சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"நீ சொன்னா யாரு நம்புவா" என்றாள். "இப்பத்தான் நம்புதேன். காலையிலருந்து வஞ்சுக்கிட்டே வார. படியில வஞ்ச, காளைக்கிட்ட வஞ்ச. நானும் பாத்துக்கிட்டேதான் வாரேன், இவ ஏன் இன்னைக்கு இப்படி வாராள்னு. சாவப்போறவள நீ ஒரு நாளும் ஏச மாட்டியேட்டி."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கரும்பு மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தம்பியும் அப்படித்தான் கண்டுபிடிச்சான்."

எனக்குப் புரியவில்லை. "எந்தத் தம்பி?"

"எனக்கு எத்தன தம்பி இருக்கான்? நீ அவன இங்க கூட்டிட்டு வந்த அன்னைக்கு, சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான். 'அக்கா, எனக்கு நாள் குறிச்சாச்சு'ன்னான். உனக்கு யாரு சொன்னான்னு கேட்டேன். 'அவ இன்னைக்குப் பூரா என்ன ஒரு வார்த்த ஏசல. சிகரெட் வேணும்னு கேட்டுப் பாத்தேன். அவளே வாங்கிப் பத்த வச்சுக் குடுத்தா'ன்னான்."

உண்மைதான். அவர் கேட்டார். இருபத்தைந்து வருஷம் பீடிக்காக அவரோடு சண்டை போட்டவள், பவுண்டன் மூலைக் கடையில் ஒரு சிகரெட் வாங்கி, காற்றுக்கு என் கையையே மறைப்பாகப் பிடித்துப் பற்ற வைத்துக் கொடுத்தேன். அந்தப் பெட்டிக்கடை நான் உட்கார்ந்திருந்த படிக்கு நேர் எதிரே இருக்கிறது.

"ஏன் மதினி எங்கிட்ட சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டான். 'எனக்குத் தெரியும்னு அவகிட்ட காட்டிக்கிடாத. பாவம், ரொம்ப மெனக்கெடுதா'ன்னான்."

நான் அந்தப் படியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கடைக்காரர் வந்து, ஞாயிற்றுக்கிழமைதான், இருந்தாலும் ஷட்டர் திறக்க வேண்டும், கொஞ்சம் நகருங்கள் என்று இந்தியில் சொன்னார்.

திரும்பி

கேட்வேக்குப் போகவில்லை. போட்டோ எடுக்கவில்லை. அத்தனை வருஷத்தில் அந்த நடையைப் பாதியில் விட்டுத் திரும்பியது அன்றைக்கு மட்டும்தான். டாக்ஸி பிடித்து வி.டி.க்கு வந்து, சயானுக்கு வண்டி ஏறினோம். மதினி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். முக்காடு நழுவியது. இழுத்துவிட்டேன்.

தோட்டை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். சுவரில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று எடுத்த அதே சிரிப்பு. எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ. தெரிந்துகொண்டே கடிகாரத்தைக் கேட்டீர்களா, தெரிந்துகொண்டே சிலையைக் கேட்டீர்களா, என்னை ஒரு பைத்தியக்காரியாக்கி வழி நெடுகப் பேச வைத்தீர்களா, போதாததற்கு ஒரு சிகரெட் வேறா என்று ஆரம்பித்து, கல்யாணமான புதிதில் என் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசாதது வரைக்கும் எதையும் விடவில்லை. பன்னிரண்டு வருஷத்துப் பாக்கி. பக்கத்து வீட்டு மராத்திக்காரப் பெண் கதவைத் தட்டி என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை, போனில் பேசிக்கொண்டிருந்தேன் என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மதினி வந்தாள். பருத்திச் சேலை, செருப்பு, மாஸ்க். காதில் தோடு. கையில் ஆஸ்பத்திரி ஃபைல் வைத்த பை.

"நேத்து சாயங்காலம் யாரப் போட்டு அந்த ஏச்சு ஏசிக்கிட்டு இருந்த? எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு."

"உங்க தம்பியத்தான்."

மதினி சுவரிலிருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லா ஏசு" என்றாள். "தனக்கு ஒண்ணுமில்லன்னு நினைச்சுக்கிடுவான்."

சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் இறங்கி நடந்தாள்.